சட்டியில் ஒரு கடற்பஞ்சு

சங்கு குளிக்கும் படகு ஒன்றின் தலைவர் சந்தியாகு. ஒருநாள் அவருடைய ஆட்களில் ஒருவனான ரொசாரி, நீருக்கடியிலேயே மூச்சுமுட்டி இறந்துபோனான். படகிலிருந்து அவன் கயிற்றைப் பிடித்திருந்தவன் மேல் ஒருவன் பழி சொன்னான். கயிறு பிடித்தவன் அடுத்தவனைக் காட்டினான். அதன்பின் யாரும் சேர்ந்து கடலுக்குப் போகவில்லை; படகு கரையேறிவிட்டது.

கடற்கரையில் தனித்து வாழ்ந்த துறவி அமலோற்பவத்தைத் தேடி வந்தார் சந்தியாகு. துறவி அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவரைத்தான் சந்தியாகு குருவாக ஏற்றிருந்தார்.

"ஒருத்தன் முகத்துல ஒருத்தன் முழிக்க மாட்டேங்கான். எப்படிம்மா ஒண்ணு சேக்கது?"

"நீங்க என்ன செஞ்சீங்க அண்ணே?"

"வீடு வீடாப் போனேன். அன்னைக்கு யார் மேல என்ன தப்புன்னு வெவரமாச் சொன்னேன்."

"ஒரு தடவையா?"

"தினமும்தான். விட்டிருவேனா?"

அமலோற்பவம் எழுந்தார். "பாறைத் திட்டுக்குப் போய் முங்குங்க. கடற்பஞ்சு இருக்கும். அடியை விட்டுட்டு, விரலளவு கிள்ளிட்டு வாங்க."

ஈரம் காயாமல் கொண்டுவந்தார் சந்தியாகு. செக்கச்செவேலென்றிருந்தது. அமலோற்பவம் அதை மெல்லிய துணியில் முடிந்து, கடல்நீர் நிரப்பிய சட்டிக்குள் பிழிந்தார். அது பொடித் துகள்களாகிச் சிவப்புப் புகைபோல் நீரில் பரவியது.

"ஐயோ, உயிருள்ளதாச்சே!"

"நீங்க சேத்து வைங்க, பாப்போம்."

சந்தியாகு விரலை விட்டுத் துழாவினார். சட்டி முழுக்கக் கலங்கியது. இன்னும் வேகமாகத் துழாவினார். துறவி அவர் கையைப் பிடித்து வெளியே எடுத்தார்.

"போதும். கொஞ்ச நாள் இங்கேயே இருங்க."

காலையிலும் மாலையிலும் பழைய நீரைப் பதமாக வடித்துவிட்டுப் புதுக் கடல்நீர் ஊற்றினார் துறவி. வேறெதுவும் செய்யவில்லை. சந்தியாகுவுக்கு எரிச்சலாக வந்தது.

பிறகு ஒரு காலையில் குனிந்து பார்த்தார். சட்டியின் அடியில் துகள்கள் புள்ளிகளாகியிருந்தன. நாள் போகப் போகப் புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டன. கடைசியில் சின்னச் சின்னத் துளைகளோடு சிவப்பாக ஒரு கடற்பஞ்சு சட்டியில் ஒட்டியிருந்தது.

"அம்மா! என்ன சொல்லி இதுகளைக் கூப்பிட்டீங்க?"

"நான் கூப்பிடலையே. தண்ணி கெட்டுப்போகாமப் பாத்துக்கிட்டேன்."

சந்தியாகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அவங்க வீடுகளுக்குத் திரும்பப் போகட்டுமா?"

"போங்க."

"போய் என்ன சொல்லட்டும்?"

"சாப்பிட்டாச்சான்னு கேளுங்க, அண்ணே."