பாறை மேல் சார்ஜ் போட்ட அண்ணன் தம்பிகள்

பொட்டல்காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒச்சப்பன், மொக்கையன், சேவுகன் என்ற அண்ணன் தம்பிகளுக்கு ஆடுகள் ஏராளம், போன் ஒன்று, மூளை அதைவிடக் கொஞ்சம் குறைவு.

மூத்தவர் ஒச்சப்பனின் மகள் தலைப்பிரசவத்துக்கு டவுன் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். குழந்தை பிறந்ததும் போன் செய்வதாக மருமகன் சொல்லியிருந்தான். காட்டில் கரண்ட் ஏது? சந்தையில் ஒரு சோலார் சார்ஜர் வாங்கினார்கள். சிலேட்டு அளவில் ஒரு தகடு, ஒரு முழ வயர்.

கடைக்காரர் விளக்கமாகத்தான் சொன்னார். "நல்ல வெயில்ல வைங்க. தகட்டு மேல நிழல் விழக்கூடாது. சார்ஜ் ஏறும்போது பேசாதீங்க."

பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் தகட்டைப் பாறை மேல் வைத்தார்கள்.

"சூரியன் எங்க இருக்கு, இந்த வயர் எங்க இருக்கு? எட்டாதேண்ணே" என்றான் மொக்கையன்.

"அதுக்குத்தானடா பாறை மேல ஏறியிருக்கோம்" என்றார் ஒச்சப்பன். விஞ்ஞான ஆராய்ச்சி அத்தோடு நிறைவுற்றது.

காக்கை பறந்து நிழல் விழுந்துவிட்டால்? மூவரும் தகட்டைச் சுற்றி நெருக்கியடித்து நின்று காவல் காத்தார்கள். போன் கண்ணே திறக்கவில்லை.

"நிழல் விழுதுண்ணே."

"யாரோடது?"

"என்னுது இல்ல" என்றான் சேவுகன். "நான் இங்க நிக்கிறேன், அது அங்கல்ல கிடக்கு."

அண்ணன்கள் இருவரும் அதை ஒப்புக்கொண்டு இன்னும் நெருங்கி நின்றார்கள். நல்லவேளையாக உச்சிப்பொழுது வந்தது. அறிவாளிகளின் நிழல்கள் காலடியில் சுருங்க, போனுக்கு உயிர் வந்தது. தகட்டைக் குறை சொல்ல முடியாது; அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

போன் அடித்தது. மருமகன்தான். ஒச்சப்பன் அவசரமாகச் சேவுகனின் வாயைப் பொத்தினார். சார்ஜ் ஏறும்போது பேசக்கூடாதே. மகளுக்கு என்ன ஆயிற்றோ என்று அவர் கண்ணில் நீர் வழிந்தது. ஆனாலும் சொன்ன சொல்லை மீறாத மனிதர். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

சாயங்காலம் மருமகன் பைக்கில் வந்து இறங்கினான். "ஏன் மாமா போனை எடுக்கல? என்னமோ ஏதோன்னு ஓடி வர்றேன்."

ஒச்சப்பன் உதட்டில் விரல் வைத்துத் தகட்டைக் காட்டினார். மருமகன் தலையில் அடித்துக்கொண்டு வயரைப் பிடுங்கினான்.

"இப்பச் சொல்லுங்க மாப்ள. எம் மக எப்படி இருக்கா?"

"பொம்பளப் புள்ள மாமா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

ஒச்சப்பன் பாறையிலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார்.

குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் நாளில் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். "குழந்தைக்கு லேசா மஞ்சள் காமாலை இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் நர்ஸ். "தினமும் காலையில இளவெயில்ல கொஞ்ச நேரம் காட்டுங்க."

மூவரும் விஷயம் தெரிந்தவர்களாகத் தலையாட்டினார்கள். சேவுகனுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"ஏங்க, காலையில ஏத்துறது ராத்திரி முழுக்க அழறதுக்குத் தாங்குமா, இல்ல மத்தியானமும் ஒருக்கா வைக்கணுமா?"