எதுவும் செய்யாத நீள ஆர்.என்.ஏ.

"மேடம், நான் ஊருக்கே போயிடறேன்" என்றார் தெய்வசிகாமணி.

எஸ்தர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன் சார்?"

சிஷ்யருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். லீவு போட்டுவிட்டு பிஎச்.டி. செய்ய வந்தவர். குரு எஸ்தர் அவரைவிட ரொம்பச் சின்னவர். ஆகவே ஒருவரையொருவர் எப்படித் திட்டுவது என்று இருவருக்குமே தெரியாது.

"என்னோட ஆர்.என்.ஏ. என்ன பண்ணுதுன்னே புரியல மேடம். மத்ததெல்லாம் புரதம் செய்யச் சொல்ற சீட்டு. இது இம்புட்டு நீளமா இருக்கு, ஒரு புரதமும் செய்யல. சரி, தண்டம்னு அதை அடக்கிப் பார்த்தேன். ஸ்டெம் செல்லெல்லாம் கெட்டுப்போச்சு."

"கெட்டுப்போச்சுன்னா?"

"எதுவா வேணாலும் மாறலாம், ஆனா இன்னும் எதுவாவும் மாறலன்னு இருந்த செல்லுங்க. இப்ப ஒண்ணு தோலா மாறுது, ஒண்ணு நரம்பா மாறுது. ஒண்ணுமே செய்யாதது போனா, ஏன் மேடம் எல்லாமே போகுது?"

"தெரியல சார்."

குருவுக்கும் தெரியாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி. அதைவிட அதிகமாகப் பயம்.

"இந்த மாசத்தோட லீவு முடியுது. பதில் இல்லன்னா ஆய்வேடு இல்ல. வெறுங்கையோட போய் காலேஜ்ல எப்படி நிக்கிறது?"

தன் நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"உண்மையைச் சொன்னா, நானும் இங்க ஒண்ணும் செய்யல. பக்கத்து லேப் புரொஃபசர் வந்தா பேச்சுக் கொடுக்கிறேன். அவ்வளவுதான்."

அது உண்மைதான். பேராசிரியர் ரங்கமன்னார் தினமும் காலையில் வருவார். அவர் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். தெய்வசிகாமணியின் மச்சான் கட்டட காண்ட்ராக்டர். கேட்க வேண்டுமா? வாசலை ஒட்டிய மேசையிலேயே பேச்சு பிடித்துக்கொள்ளும். சிமென்ட், ஜல்லி, கம்பி. சாப்பாட்டு நேரம் வந்ததும் பேராசிரியர் எழுந்து போய்விடுவார்.

எஸ்தர் இப்போதுதான் நிமிர்ந்தார்.

"ஒரு வாரம் வீட்டுக்குப் போயிட்டு வாங்க சார். அப்புறம் முடிவு பண்ணலாம்."

தன் கேள்விக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அவருக்கு விளங்கவில்லை. போனார்.

திரும்பி வந்தபோது லேப் பழைய லேப்பாக இல்லை.

கூடப் படிக்கும் ரூபவதி இதயச் செல் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? ஸ்டெம் செல்லை ஸ்டெம் செல்லாவே வச்சிருக்கறதுதானே உன் வேலை?"

"புரொஃபசர் வந்தாரு சார். இதயத்துக்குத்தான் மதிப்புன்னாரு. மாத்திட்டேன்."

அடுத்த மேசையில் சார்லஸ் நரம்புச் செல் வளர்த்துக்கொண்டிருந்தான்.

"நீயுமா?"

"மூளைதான் எதிர்காலம்னு சொன்னாரு சார். பழைய செல்லைத் தூக்கிப் போட்டுட்டேன்." அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "செஞ்சது சரியா சார்?"

தெய்வசிகாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. நேராக எஸ்தரிடம் போனார்.

"பிள்ளைங்க வேலை பாழாப் போகுது. நீங்க பார்த்துக்கிட்டா இருந்தீங்க?"

"ரெண்டு பேரோட பழைய செல்லும் ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கு சார். எடுத்து வச்சிட்டுத்தான் உங்களை அனுப்பினேன்."

"அந்த ஆளை ஏன் உள்ள விட்டீங்க?"

"எப்பவும் வர்றவர்தானே?"

"வருவாரு. ஆனா..."

எங்கேயோ இடித்தது, எங்கே என்று தெரியவில்லை.

"ஆனா?" என்றார் எஸ்தர்.

அதற்குள் கதவு திறந்தது. பேராசிரியர் ரங்கமன்னார் உள்ளே வந்து நேரே சார்லஸின் மேசைப் பக்கம் திரும்பினார். சார்லஸ் எழுந்து நின்றான்.

தெய்வசிகாமணி யோசிக்கவில்லை. குறுக்கே போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். தளம் போட்டாச்சா?"

"அதை ஏன் கேக்கறீங்க" என்று பேராசிரியர் உட்கார்ந்தார்.

மழை வந்த கதை, மேஸ்திரி வராத கதை. சார்லஸ் மெல்ல உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தான். தெய்வசிகாமணி தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஆட்டிய தலை பாதியில் நின்றது.

"மேடம்" என்றார், பேராசிரியரின் தலைக்கு மேலாக. "என் ஆர்.என்.ஏ. எதைச் செய்யுதுன்னு தேடினது தப்பு."

"பின்ன?"

"செல்லுக்குள்ள, மத்த சீட்டையெல்லாம் கிழிச்சுப் போடற குட்டி ஆர்.என்.ஏ. சுத்திக்கிட்டே இருக்குமே. அதுல யாரு கிழிக்கப் போகாம, என் நீள ஆர்.என்.ஏ.கிட்ட வந்து உக்கார்ந்திருக்கான்னு பார்க்கணும்."

எஸ்தர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

பேராசிரியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு உக்கார்ந்திருக்கா?" என்றார்.