அரண்மனைக்குக் கிழக்கெல்லை

முன்னொரு காலத்தில் மருதங்காட்டு நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆள் நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு உத்தரவு போடாவிட்டால் அவனுக்குப் பலகாரம் இறங்காது. ஒருமுறை கழுதைகளுக்கெல்லாம் குடை பிடிக்கச் சொன்னான். இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். போட்ட உத்தரவைத் திரும்ப வாங்கும் வழக்கம் மட்டும் அவனிடம் கிடையாது.

அப்படி ஒரு காலையில், "ஓலைச்சாலையில் ஓலை இல்லாத நிலம் யாருக்கும் சொந்தமில்லை. முதலில் பதிகிறவருக்கே அது சேரும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

ஓலைச்சாலை என்பது நாட்டின் நிலப் பத்திரங்களையெல்லாம் பனையோலையில் எழுதிக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கும் இடம். அதற்குத் தலைவர் அம்பலவாணர். அவருக்கு வெகுநாளாக ஒரே ஆசை. அரண்மனையை ஒட்டி மாளிகை கட்ட வேண்டும். ராஜா ஜன்னலைத் திறந்தால் தன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். பாவம் ராஜா!

அரண்மனைக்குக் கிழக்கே ஒட்டியிருந்தது சிலம்பாயியின் கீரைக்கொல்லை. அவளும் அவள் நான்கு பிள்ளைகளும் பிழைத்தது அந்தக் கீரையில்தான். அம்பலவாணர் அவள் ஓலையைக் கட்டிலிருந்து உருவினார். தேர்த் திருவிழா அன்று, ஈ காக்கை இல்லாத ஓலைச்சாலையில் நின்று, அந்த நிலத்தைத் தன் பெயரில் பதிந்துகொண்டார்.

சிலம்பாயி சபைக்கு ஓடினாள். "மகாராசா, எங்க பாட்டன் காலத்துக் கொல்லைங்க. இவரு பறிச்சுக்கிட்டாரு!"

"ஓலை இருக்கிறதா?"

"ஓலைச்சாலையிலதான் இருந்துச்சு. இப்ப காணோங்கிறாங்க."

"ஓலை இல்லையென்றால் நிலமும் இல்லை. பத்து நாளில் காலி செய்."

அம்பலவாணர் மீசையைத் தடவிக்கொண்டார். பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது.

சிலம்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இருபது வருடமாக ஓலைச்சாலைக்காரர்களுக்குக் கீரை கொடுத்தவள். புது ஓலை பதியும்போது நான்கு எல்லைகளையும் முற்றத்தில் மூன்று முறை உரக்கப் படிப்பார்கள். அந்த இடத்துக்கு முன்பே ஓலை உண்டா என்று தலைவர் தேடிப் பார்ப்பார். இல்லையென்றால் முத்திரை விழும். இதையெல்லாம் அவள் தினமும் கேட்டிருக்கிறாள்.

ஒரு கட்டு அரைக்கீரை கொடுத்து எழுத்தரிடம் ஓலை எழுதி வாங்கினாள். அடுத்த நாள் முற்றத்தில் அது படிக்கப்பட்டது.

"வடக்கே செக்காட்டும் மாரப்பன் மனை, தெற்கே கோயில் குளம், மேற்கே பூக்கட்டும் நாச்சியப்பன் மனை, கிழக்கே மாட்சிமை பொருந்திய அம்பலவாணர் நிலம். இந்த நான்கு எல்லைக்குள் அடங்கிய கட்டடம், கிணறு, மரம் யாவும் சிலம்பாயிக்கு!"

வெற்றிலை மென்றுகொண்டிருந்த அம்பலவாணருக்குத் தன் பெயர் மட்டும்தான் காதில் விழுந்தது. 'மாட்சிமை பொருந்திய' என்பது இன்னும் இனித்தது. நிலத்தைக் கண்ணால் பார்க்கும் வழக்கமெல்லாம் அவருக்கு ஏது? கட்டுகளைப் புரட்டினார். "முன் ஓலை எதுவும் இல்லை!" என்று அறிவித்து, ஓங்கி முத்திரை குத்தினார்.

பத்தாம் நாள் சிலம்பாயி சபைக்கு வந்தாள்.

"கொல்லையைக் காலி செய்துவிட்டாயா?" என்றான் ராஜா.

"இல்லைங்க. காலி பண்ணச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"யாரை?"

"உங்களைத்தான் மகாராசா."

ஓலையை வாங்கிப் படித்த ராஜாவின் முகம் சிவந்தது. "அம்பலவாணரே! இந்த நான்குக்கும் நடுவில் இருப்பது என் அரண்மனை ஐயா!"

"தேடினேன் மகாராஜா... அரண்மனைக்கு ஓலையே இல்லை" என்றார் அம்பலவாணர் ஈனக் குரலில்.

"ராசாகிட்டப் போயி ஓலை எங்கன்னு யாரு கேட்டிருப்பா? அதான் எழுதாமலே விட்டுட்டாங்க" என்றாள் சிலம்பாயி.

"என் பாட்டனார் கட்டிய வீடு! ஊருக்கே தெரியும்!"

"என் கொல்லையும் ஊருக்கே தெரியும்ங்க."

ராஜாவுக்கு உத்தரவைத் திரும்ப வாங்கவும் மனம் இல்லை, வீட்டை விடவும் மனம் இல்லை.

"ஒரு வழி இருக்குங்க," என்றாள் சிலம்பாயி. "ஒவ்வொரு ஓலையிலயும் பக்கத்து நிலம் யாருதுன்னு எழுதியிருக்கும். நாலு பக்கத்துப் பழைய ஓலையும் அரண்மனைன்னு சொன்னா, அதையே சாட்சியா எடுத்துக்கலாம்."

"அப்படியே ஆகட்டும்!" என்றான் ராஜா.

மாரப்பன் ஓலை வந்தது: தெற்கே அரண்மனை. கோயில் ஓலை வந்தது: வடக்கே அரண்மனை. நாச்சியப்பன் ஓலையும் அதையே சொன்னது. கிழக்கு மட்டும் பாக்கி.

"என் ஓலை இருக்கிறது!" என்று அம்பலவாணர் துள்ளி வந்தார்.

"அது பத்து நாள் ஓலைங்க. அரண்மனை கட்டி நூறு வருசம் ஆச்சு. அப்ப கிழக்கே இருந்தது எங்க பாட்டன். அந்த ஓலை வந்தாத்தான் இது உங்க வீடு."

ராஜா மெதுவாக அம்பலவாணர் பக்கம் திரும்பினான். "அந்த ஓலை வராவிட்டால் எனக்கு வீடில்லை. எனக்கு வீடில்லை என்றால், நீர் எங்கே படுப்பீர் தெரியுமா?"

அம்பலவாணர் ஓடினார். வீட்டு அரிசிப் பானைக்குள்ளிருந்து ஓலையை எடுத்து வந்து நீட்டினார். சிலம்பாயியின் பாட்டன் பெயரில் இருந்த அதில் 'மேற்கே அரண்மனை' என்றிருந்தது. கூடவே இரண்டு அரிசியும் ஒட்டியிருந்தது.

ராஜா அந்த அரிசியைத் தட்டிவிட்டான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு, "கொல்லை உன்னுடையது. பக்கத்து ஓலைகளின் சாட்சி இனி எல்லோருக்கும் செல்லும். அம்பலவாணரே, முத்திரையை வைத்துவிட்டுப் போம். நாளை முதல் ஒவ்வொரு நிலத்தின் நான்கு எல்லையையும் வெயிலில் நடந்து பார்த்து எழுதும் வேலை உமக்கு" என்றான்.

சிலம்பாயி தன் அரண்மனை ஓலையை இரண்டாகக் கிழித்தாள். "இம்மாம் பெரிய வீட்டைப் பெருக்க என்னால ஆகாதுங்க."

ராஜா சிரித்துவிட்டான். அவளுக்கு ஒரு ஜோடிக் காளையும் ஏற்றக் கிணறும் தந்தான். அன்றே அரண்மனைக்கு ஓலை எழுதச் சொன்னான். மூன்று பக்கத்துக்காரர்களும் சாட்சிக் கையெழுத்தாக ஓலையில் ஆளுக்கொரு கீறல் போட்டார்கள். கிழக்குச் சாட்சியை மட்டும் காணோம். ராஜாவே கொல்லைக்குப் போனான்.

"சிலம்பாயி, ஒரு கீறல் போட்டுவிட்டு வாயேன்."

"இன்னும் ரெண்டு பாத்திக்குத் தண்ணி பாய்ச்சணும். அந்த வரப்புல நில்லுங்க மகாராசா, கீரையை மிதிச்சிடாதீங்க."

ராஜா வரப்பில் நின்றான்.