ஓடச் சொன்ன வாக்கும் நிற்கச் சொன்ன வாக்கும்

கடற்கரையில் சிப்பி பொறுக்கி, சூளையிலிட்டுச் சுண்ணாம்பு நீற்றி விற்ற ஞானப்பூ அம்மையார் எழுத்தறியாதவர். சுண்ணாம்பு அரித்துப் புண்ணான கைகளாலேயே தினமும் விடியற்காலையில் ஊர் ஜெபவீட்டைப் பெருக்குவார். முடித்ததும், "ஆண்டவரே, ஒம்ம வீடு சுத்தமா இருக்கு. என் மவனப் பாத்துக்கிடும்" என்பார். அவ்வளவுதான் அவருடைய ஜெபம். நீளமாக ஜெபிக்கத் தெரிந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே!

மகன் எலியாசர், அந்த விதவைத் தாய்க்கு ஒரே பிள்ளை.

ஜெபவீட்டுக் கிணற்றின்மேல் பண்ணையாருக்குக் கண். ஒருநாள் எலியாசர் தவிர மற்ற ஆண்களெல்லாம் உப்பளத்துக்குப் போயிருந்த வேளை பார்த்து, அவருடைய ஆட்கள் ஜெபவீட்டைக் கொளுத்தக் கம்பும் பந்தமுமாக வருவதாகச் சேதி வந்தது. திகைத்து நின்றால் கண்ணை மூடி வேதபுத்தகத்தைத் திறந்து விரல் வைப்பது அவ்வூர் வழக்கம். விரல் பட்ட வசனமே கர்த்தரின் கட்டளை. அம்மையார் விரல் வைத்தார். ஓரூரில் துன்பப்படுத்தினால் மறு ஊருக்கு ஓடிப்போ என்றிருந்ததை எலியாசர் வாசித்துச் சொன்னார். பிறகு தாமும் விரல் வைத்தார். பயப்படாமல் நில் என்று வந்தது.

"யம்மா, நீ ஊர்ப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போ. என்னய நிக்கத்தான் சொல்லியிருக்கு."

"ஏ ராசா, ஒரே வேதம் ஒரே வீட்டுக்கு ரெண்டு விதமாச் சொல்லுமா? வாய்யா, போயிருவோம்."

"சொல்லிட்டாரேம்மா. நான் என்ன செய்ய?"

ஐயோ, ஒரு தடவை விரல் வைத்ததோடு நிறுத்தியிருக்கக் கூடாதா!

பக்கத்து வீட்டின் நடக்கமாட்டாத குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மற்றப் பிள்ளைகளை முன்னே விட்டு, அம்மையார் முள் அடர்ந்த உடைமரக் காட்டுக்குள் ஓடினார். பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எலியாசரை ஜெபவீட்டு வாசற்படியில் அடித்துக் கொன்றார்கள். கொலை விழுந்ததும் வந்தவர்கள் மிரண்டு கலைந்தார்கள். ஜெபவீடு தப்பியது.

ஜெபவீட்டு உபதேசியார், நின்ற வீரனைப் புகழ்ந்து பிரசங்கித்தார். அருமையான பிரசங்கம்தான். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தாயைத்தான் மறந்துவிட்டார். கிணற்றடியில் பெண்கள் காதுபடவே பேசினார்கள்.

"பிள்ள நின்னான், பெத்தவ ஓடிட்டா. யாருக்கு விசுவாசம்னு பாத்தியா?"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்மையாரின் வேதனையோ வேறு. அடிபட்டுக் கிடந்தவன் தனியாகவா செத்தான், அம்மாவைத் தேடினானா என்ற நினைப்பு அவர் நெஞ்சை அறுத்தது. மகன் இரத்தம் சிந்திய படியை அவரே கழுவினார். பெருக்குவதையும் விடவில்லை. ஜெபம்தான் மாறிப்போனது.

"ஓடச் சொன்னதும் நீரு, நிக்கச் சொன்னதும் நீரு. எம் பிள்ள தனியாவா கெடந்தான்?"

வருஷங்கள் போயின. ஒரு பெரிய வெள்ளிக்கிழமை காலையில் அம்மையார் பெருக்கிக்கொண்டிருந்தபோது வாசற்படியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர் கைகளில் ஆணித் தழும்பு. அம்மையாரின் பேச்சிலேயே அவர் பேசினார்.

"யம்மா, ஏரோது கொல்லத் தேடுனப்ப எங்கம்மா என்னயத் தூக்கிட்டு எகிப்துக்கு ஓடினாவ. தோட்டத்துல பிடிக்க வந்தப்ப, நான்தான்னு முன்னால போயி நின்னேன். ஓடுனதும் நான்தான், நின்னதும் நான்தான். அன்னைக்கு ஒங்க இடுப்புலயும் நான் இருந்தேன். ஒங்க மவன் தலை என் மடியிலதான் இருந்துச்சு."

விளக்குமாறு அம்மையாரின் கையிலிருந்து நழுவியது.

"என்னயத் தேடினானாய்யா?"

"தேடினான். அம்மா தப்பிச்சிட்டாளான்னு கேட்டான். தப்பிச்சிட்டாவன்னு சொன்னேன். சிரிச்சிட்டே கண்ண மூடினான்."

அம்மையார் படியில் விழுந்து வாய்விட்டு அழுதார். மகனை அடக்கம் செய்த நாளில்கூட அவர் அப்படி அழவில்லை. பிறகு இதைக் கேட்ட உபதேசியார் அன்று பிரசங்கம் செய்யவில்லை. பின்வரிசைக்கு வந்து அம்மையார் அருகே தரையில் உட்கார்ந்தார்.

பெற்ற பிள்ளையை விட்டு ஓடுவதற்கும் எத்தனை விசுவாசம் வேண்டும் என்று நமக்குக் காட்டிய அந்தத் தாயை நினைத்து, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்வோம்.