லாரி நிற்க ஓர் இடம்

வைத்தியலிங்கம் ஊர்த் தொண்டுச் சங்கத்தின் தலைவர். பேரன் பேத்தி எடுத்தவர். மடத்தை நடத்திவந்த, தன் மகள் வயதே ஆன பூரணி அம்மையைக் குருவாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை மடத்துக்குள் வேகமாக வந்தார்.

"அம்மா, செல்லக்கிளிக்குப் பாராட்டு விழா வைத்திருக்கிறோம். நீங்கள்தான் வந்து பொன்னாடை போர்த்த வேண்டும்."

செல்லக்கிளியை ஊரே அறியும். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய அவள் தம்பி, விஷவாயு தாக்கி உள்ளேயே இறந்துபோனான். அழுது முடித்தவள், தம்பியோடு வேலை பார்த்தவர்களைச் சேர்த்துக்கொண்டு கழிவை உறிஞ்சும் லாரி ஒன்றை ஓட்டத் தொடங்கினாள். அதன்பின் அந்த ஊரில் யாரும் தொட்டிக்குள் இறங்கவில்லை.

"அவள் எங்கே?" என்றார் அம்மை.

"வாசலில் நிற்கிறாள். உள்ளே வரத் தயங்குகிறாள்."

அம்மை எழுந்து வாசலுக்குப் போனார். செல்லக்கிளியின் கண்கள் சிவந்திருந்தன.

"விழாவெல்லாம் வேண்டாம்மா. லாரியை விற்கப் போகிறேன்."

"ஏன்?"

"நிறுத்த இடமில்லை. எந்தத் தெருவில் விட்டாலும் நாறுகிறது என்று விரட்டுகிறார்கள். நேற்று கண்ணாடியை உடைத்துவிட்டார்கள்."

"விற்றுவிட்டால் உன் ஆட்கள்?"

செல்லக்கிளி தலை குனிந்தாள்.

"பழையபடி இறங்குவார்கள். வயிறு இருக்கிறதே."

வைத்தியலிங்கம் அம்மையின் பக்கம் திரும்பினார்.

"இப்படிப்பட்டவர்களுக்கு நாம் எப்படித்தான் அம்மா துணை நிற்பது?"

அம்மை மடத்தின் பெரிய கதவுகளைத் தன் கையாலேயே திறந்துவிட்டார்.

"லாரியைக் கொண்டுவா. அன்னக்கூடத்துப் பக்கம் நிழல் இருக்கிறது."

ஒரு வாரம் போனது. மடத்து அன்னதானப் பந்தியில் பாதி இலைகளுக்கு ஆள் இல்லை. வந்தவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தார்கள். "அம்மைக்குப் புத்தி பிசகிவிட்டது" என்று ஒருவர் காதுபடவே சொன்னார். அம்மை அவருக்கு இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டு நகர்ந்தார்.

செல்லக்கிளியும் அவள் ஆட்களும் வேலை முடித்து, குளித்துவிட்டு, அதே பந்தியில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவன் எதையோ சொல்லி வாய்விட்டுச் சிரித்தான். வைத்தியலிங்கம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிச் சோற்றோடு இலையை மடித்தார்.

கை கழுவிவிட்டு அம்மையிடம் போனார்.

"சந்தைக்குப் பின்னால் என் பழைய அரிசி ஆலை பூட்டித்தான் கிடக்கிறது, அம்மா. லாரி தாராளமாக நிற்கும்."

"தெரியும், ஐயா."

"தெரிந்துமா என்னைக் கேட்கவில்லை?"

"நீங்கள்தானே என்னைக் கேட்டீர்கள்? என்னிடம் இருந்த இடத்தைக் கொடுத்தேன்."

அவர் தயங்கினார்.

"அந்தத் தெருவில் எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. என்னை என்னவெல்லாம் சொல்வார்களோ..."

"என்னைச் சொன்னதைத்தான் சொல்வார்கள்" என்றார் அம்மை. "சாவி கொண்டுவந்திருக்கிறீர்களா?"

வைத்தியலிங்கம் வேட்டி மடிப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு செல்லக்கிளி இருந்த பக்கம் நடந்தார்.