ஆடுகள் சொன்ன பதில்

அறுத்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தாள் இருளாயி. ஆடுகளின் நலத்தை மதிப்பிட ஓர் அதிகாரி ஜீப்பில் ஆரன் அடித்துக்கொண்டே வந்து இறங்கினார். படுத்திருந்த முந்நூறு ஆடுகளும் மிரண்டு எழுந்தன.

"நல்லா இருக்கோம்னு உன் ஆடுகளே எங்கிட்டச் சொல்லணும். இல்லேன்னா மேய்ச்சல் அனுமதி கிடையாது" என்றார்.

"சொல்லும்யா. பயமில்லாத ஆடுதான் படுத்து அசை போடும். அந்தக் கருவேலமரத்துக்குப் பின்னாடி நின்னு பாருங்க."

என்னதான் நடக்கும் பார்ப்போம் என்று அவர் போய் மறைந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் ஆடுகள் ஒவ்வொன்றாகப் படுத்து அசை போட்டன. வியந்துபோய் வெளியே வந்தார். அத்தனையும் மறுபடி எழுந்து நின்றன.

அவர் படிவத்தைப் புரட்டினார். "கடைசிக் கேள்வி. இதுக இன்னும் நல்லா இருக்க என்ன செய்யணும்?"

இருளாயி ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டாள். "போகும்போது மட்டும் ஆரன் அடிக்காதீங்கய்யா."