பியானோ நல்லாத்தான் இருக்கு

"கச்சேரிக்கு வர்ற ஒருத்தருக்கும் காதே இல்ல, டீச்சர்" என்று புலம்பிக்கொண்டே சம்பந்தம் அரங்கத்துக்குள் வந்தார்.

பியூலா டீச்சர் பியானோவின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தாள். வேப்பேரியில் இருந்த அந்தச் சின்ன அரங்கத்தின் பியானோவுக்குக் கச்சேரி நாட்களில் சுருதி சேர்ப்பவள் அவள்தான். சம்பந்தம் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற கையோடு அவளிடம் வந்து தொழில் கற்றவர். சீடருக்குத் தலை முழுக்க நரை. குருவுக்கு ஒரு முடிகூட வெளுக்கவில்லை. அதனால் அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை சார் என்பாள்.

"என்ன ஆச்சு சார்?"

அவர் ஆனதையெல்லாம் கொட்டித் தீர்த்தார். ஒரு கச்சேரி விடாமல் வாசலில் நின்று, உள்ளே போகிறவர்கள் கையில் நோட்டீஸ் கொடுக்கிறார். 'உங்கள் வீட்டுப் பியானோ சுருதி விலகியிருக்கிறதா? உடனே அழையுங்கள்.' ஒருவர் அதை வாங்கி விசிறிக்கொண்டார். இன்னொருவர் நாற்காலியைத் துடைத்தார். நீலப் பட்டுப்புடவை அம்மாள் ஒருத்திதான் நின்று படித்தாள். படித்துவிட்டு, "எங்க வீட்டுப் பியானோ நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பொங்கலுக்குள் ஒரு வீடாவது கூப்பிடாவிட்டால், மைத்துனரின் டயர் கடைக் கல்லாவில் போய் உட்காருவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மைத்துனர் நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டாராம். அந்த டயர் வாசனையே சம்பந்தத்துக்கு ஆகாது.

எனவே ஒரு யோசனையோடு வந்திருந்தார். நோட்டீஸை இரண்டு மடங்கு பெரிதாக, கலரில், தன் படத்தோடு அடித்தால் என்ன?

"மீசையோடவா?" என்று கேட்டாள் டீச்சர்.

பிறகு பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினாள்.

"இது எப்படி இருக்கு சார்?"

சம்பந்தம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு."

டீச்சர் பையிலிருந்து இசைக்கவையை எடுத்தாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்களே, அந்த இரண்டு கால் இரும்புதான். அதை முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, காம்பைப் பியானோ பலகையில் ஊன்றினாள். அதன் ஒலி ஓய்வதற்குள் அதே கட்டையை மறுபடியும் அழுத்தினாள். இரண்டு ஒலியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளாடின.

சம்பந்தத்தின் முகம் கோணியது. "அடடா, ரொம்ப இறங்கியிருக்கே."

"இப்பதானே நல்லா இருக்குன்னீங்க?"

"கவையைக் கேக்காம எப்படி டீச்சர் தெரியும்?"

டீச்சர் கம்பியை முறுக்கும் சாவியை எடுத்துத் தன் வேலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, போகிற போக்கில் கேட்பவளைப் போலக் கேட்டாள்.

"இன்னைக்குக் கச்சேரி எத்தனை மணிக்கு சார்?"

"ஆறரைக்கு."

"முடியறது?"

அது சம்பந்தத்துக்குத் தெரியாது. நோட்டீஸ் தீர்ந்ததும் பஸ் பிடிக்க ஓடிவிடுவார். ஒரு கச்சேரியையும் அவர் கடைசிவரை கேட்டதில்லை.

கையிலிருந்த நோட்டீஸ் கட்டைப் பார்த்தார், டீச்சரின் இசைக்கவையைப் பார்த்தார். பிறகு அரங்கமே எதிரொலிக்கச் சிரித்தார்.

அன்று மாலை உள்ளே போனவர்களில் யாருக்கும் நோட்டீஸ் கிடைக்கவில்லை. சம்பந்தம் கடைசி வரிசையில் உட்கார்ந்து கச்சேரி முழுவதையும் கேட்டார். டீச்சர் சேர்த்த சுருதி அத்தனை சுத்தமாக இருந்தது. டயர் கடை அவர் நினைவிலேயே இல்லை. கைதட்டல் அடங்குவதற்குள் வாசலுக்கு வந்து, வெளியே வருகிறவர்களுக்குப் பழைய நோட்டீஸையே கொடுத்தார். அந்தப் பட்டுப்புடவை அம்மாளும் வந்தாள். ஏதோ மெட்டை முனகிக்கொண்டே அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை, காப்பி ஆறுவதற்குள் போன் அடித்தது. அதே அம்மாளின் குரல்.

"கொஞ்சம் சீக்கிரம் வாங்க சார். நேத்து வரைக்கும் நல்லா இருந்த பியானோ, ஒரே ராத்திரியில கெட்டுப்போச்சு."